கண்ணைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பார்த்தவர்

மனைவியின் கண்ணுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை முதலில் தன் கண்ணில் விட்டுப் பார்த்த மனிதர் அவர். எரியுமா, எரிந்தால் எவ்வளவு நேரம் எரியும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததாம். நன்றாகவே எரிந்தது. அன்று ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்டார் என்று, நான் மதினி என்று கூப்பிடும் அவர் மனைவி, என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"எனக்கு விட வரும்போது, 'காந்தும், பயப்படாத, ஒரு செம்புத் தண்ணி குடிக்கதுக்குள்ள அடங்கிரும்'னு சொன்னாவ. சொன்ன மாதிரியே அடங்கிச்சு. டாக்டரு கூட அப்படிச் சொல்லல, பாத்துக்கோ."

யாருக்கு எதைக் கொடுத்தாலும் தன்மேல் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் அவரால் கொடுக்க முடியாது. மதினிக்குப் புதுச் செருப்பு வாங்கினால், குதிகால் பாதி பின்னால் துருத்திக்கொண்டு நிற்க, அதை மாட்டிக்கொண்டு கரிசல் வரப்பில் நடந்து உடைமுள் ஏறுகிறதா என்று பார்ப்பார். மருந்தடிக்க வரும் கூலியாட்களிடம் டேங்கைக் கொடுப்பதற்கு முன், வார் தோளை அறுக்கிறதா என்று முதல் டேங்கைத் தானே சுமப்பார். ஆட்டுக்கு வாங்குகிற புண்ணாக்கிலும் ஒரு துண்டு அவர் வாய்க்குள் போய்விட்டுத்தான் ஆட்டுக்குப் போகும். ஊரில் இதை வைத்து அவரைக் கேலி பேசாதவர்கள் கிடையாது. அவரும் கூடச் சிரிப்பார். பழக்கத்தை மட்டும் விடமாட்டார்.

கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அவர் புதூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். மானாவாரி நிலத்தில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரி. ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து என் கடையில் இறக்கினார். போர்வையைப் பிரித்ததும் உள்ளே இருந்து கரிசல் தூசி கொட்டியது.

"தாயி, கண்ணு தெரியாத ஒருத்தி வீட்டுல வச்சுப் புழங்கணும். எந்தச் சிஸ்டம் போட்டா நல்லது?"

வீட்டு உபயோகத்துக்கு எது நல்லது என்று கேட்டு வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வதை நான் சொல்லத் தொடங்கினேன். விண்டோஸ் என்றால் எல்லாருக்கும் பழகியது. லினக்ஸ் இலவசம், பழைய மெஷினிலும் பாரமில்லாமல் ஓடும். ஆப்பிள் வேண்டுமென்றால் மெஷினோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற வசதி எல்லாவற்றிலும் உண்டு, தமிழிலும் வாசிக்கும்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ சொல்லுததெல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா நான் ஒருதடவ உக்காந்து பாத்துக்கிடுதேனே."

தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாக மடித்துக் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். கையை நீட்டி நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"எங்க இருக்கு பட்டன்?"

மதினியை அப்போது நான் பார்த்ததில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போகும் நோய். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, கடைசியில் நடுவில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் மிஞ்சியிருந்து, அதுவும் அந்த வருஷம் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மதினி விளாத்திகுளத்தில் டைப்ரைட்டிங் படித்துத் தேறியவர். ஊர் மகளிர் குழுவுக்குத் தீர்மானமெல்லாம் இந்தப் பழைய மெஷினில்தான் டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"டச் போன வாங்கி, பேசச் சொல்லிக் குடுத்தேன். கண்ணாடியத் தடவித் தடவிப் பாத்துட்டு, விரலுக்கு ஒண்ணுமே தட்டுப்படலன்னு வச்சுட்டா. அவ விரலுக்கு இந்த எழுத்துப் பலகைதான் தெரியும். பாக்காமலே அடிப்பா தாயி. அந்தக் காலத்துலயே பாக்க மாட்டா. எம்மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே அடிப்பா."

கடையின் மூலையில் இரண்டு மெஷின்களை அடுத்தடுத்து வைத்துக் கொடுத்தேன். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். கோவில்பட்டிக்கு உரம் வாங்கவோ ஆடு விற்கவோ வரும்போதெல்லாம் வேலையை முடித்துவிட்டுக் கடைக்கு வந்து கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தனக்கென்று சில வேலைகள் வைத்திருந்தார். அன்றைய பேப்பரைத் திறக்க வேண்டும். ஒரு பாட்டுப் போட வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் கொழுந்தியாளுக்கு நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். பிறகு ஒழுங்காக மூடி நிறுத்த வேண்டும். இவ்வளவையும் முதலில் ஒரு மெஷினில் செய்வார், பிறகு அடுத்த மெஷினில் செய்வார்.

செய்வார் என்று சொல்வது அவரைப் பெரிதாகச் சொல்வதாகும். பெரும்பாலும் முடியாது. மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல்கள். ஒன்றை அழுத்தினால் இரண்டு அமுங்கும். பேப்பரைத் திறக்கப் போய் ஏதோ ஒரு கால்குலேட்டருக்குள் மாட்டிக்கொள்வார். மெஷின் தன்பாட்டுக்கு என்னென்னவோ வாசிக்கும். அவர் வழி தவறியவர் மாதிரி கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்பார். கடைக்கு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அவர் கையைப் பிடித்துச் சரியான பட்டனில் வைத்தேன்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"கையத் தொடாத தாயி. வீட்டுல அவ கையத் தொட யாரு இருப்பா?"

அவர் காட்டு வேலைக்குப் போகிற நேரத்தைச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

சர்வீஸுக்கு ஆப்பிள் லேப்டாப் ஒன்று வந்திருந்தபோது, உடையவரிடம் கேட்டுக்கொண்டு அதிலும் உட்கார்ந்து பார்த்தார். அதன் குரல் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நம் ஊர்ப் பிள்ளை பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். "இது ரிப்பேர் ஆனா எங்க கொண்டு போகணும்?" என்று கேட்டார். மதுரைக்கு என்றேன். எழுந்துவிட்டார்.

லினக்ஸ்தான் அவருக்குச் சௌகரியமாக இருந்தது. அவருடைய பழைய மெஷினிலேயே அது சிட்டாகப் பறந்தது. வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. மதினிக்குப் பழகிய பழைய டைப்ரைட்டர் எழுத்து முறையும் அதில் அமைந்துவிட்டது. "இது நம்ம சாதுப் பசு மாதிரி இருக்கு" என்றார். அதையே போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நான் மெஷினைத் துடைத்துத் தயார் செய்யத் தொடங்கியிருந்தேன்.

அந்த வாரத்தில்தான் கரண்ட் போனது. என் கடையில் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும் இன்வெர்ட்டர் உண்டு. அவர் உட்கார்ந்திருந்த மெஷினுக்கு இல்லை. நான் வாசலில் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணில் துண்டு. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் திரை அணைந்து கிடந்தது. அவர் ஒரு பட்டனை அழுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தமில்லை. இன்னொன்றை அழுத்தினார். கேட்டார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தப்பு செய்துவிட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, கரண்ட் போயிருச்சு."

துண்டை அவிழ்த்தார். திரையைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார்.

"நான் என்னமோ கெடுத்துட்டேன்னு நெனைச்சேன்" என்றார். துண்டை மடித்துக்கொண்டே, "அவளும் இப்படித்தான நெனைப்பா" என்றார். "ஒத்தையில உக்காந்து, தன்னாலதான் கெட்டுப் போச்சுன்னு நெனைச்சுக்கிட்டு உக்காந்திருப்பா."

அன்றோடு அந்தப் பழைய மெஷினை விட்டுவிட்டார். பேட்டரி உள்ள லேப்டாப்தான் வேண்டும் என்றார். கிடாய்களை விற்று, கம்பெனி ஒன்று பழசென்று கழித்துவிட்ட, இன்னும் நல்ல நிலையில் இருந்த லேப்டாப்பை என்னிடமே வாங்கினார். லினக்ஸ் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"விண்டோஸ் போடு."

"உங்களுக்கு லினக்ஸ்தானே அண்ணாச்சி பிடிச்சிருந்தது?"

"எனக்குப் பிடிச்சது அதுதான். ஆனா எங்க ஊருல ஒரு சிக்கல்னா யாரக் கூப்பிட? இ-சேவை மையத்துல இருக்க பொண்ணுக்கு இதுதான் தெரியும். வாத்தியாருக்கு இதுதான் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இதத்தான் தட்டுது. வீதியில போற யாரையாவது கூப்பிட்டு, 'இங்க வந்து என்னன்னு பாரு'ன்னு அவ கேக்கணும்னா, இதுதான் தோது."

"நீங்கதான் இருக்கீங்களே, அண்ணாச்சி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

லேப்டாப்பை வீட்டில் வைத்துப் பழக்கிக்கொடுக்க நானே அவர்கள் ஊருக்குப் போனேன். மதினியை அன்றுதான் முதலில் பார்த்தேன். நல்ல உயரம், திருத்தமான சேலைக்கட்டு. விசைப்பலகையில் கையை வைத்ததும் விரல்கள் தாமாகத் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. தன் பெயரை அடித்தார். மெஷின் அதை வாசித்தது. இன்னொரு தடவை அடித்து இன்னொரு தடவை வாசிக்கக் கேட்டார். சுவரோரமாக நின்றுகொண்டிருந்த அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அது நிலைக்கவில்லை. கொஞ்ச நாளில், மெஷினில் நெட் வரவில்லை என்று மதினியே பழைய பட்டன் போனில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் லேப்டாப் பீரோவுக்குள் துணிக்கு அடியில் கிடந்தது. நெட் நன்றாகத்தான் வந்தது. அண்ணாச்சி காட்டில் இருந்தார். மதினி என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். அப்புறம் அழத் தொடங்கினார்.

"கண்ணு போன நாள்ல இருந்து தினமும் பேப்பர அவியதான் வாசிச்சுக் காட்டுவாவ. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாவ. ஒரு செய்திய முடிக்கதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துரும். ஆனா வாசிப்பாவ. இந்த மிசின் வந்த அன்னையில இருந்து அது இல்ல. 'அதுக்கிட்டக் கேட்டுக்கோ'ங்காவ. பேச்சும் இல்ல. ஒண்ணு கேட்டா, நீயே தேடிக்கோங்காவ. எங்கூடப் பேசிச் சலிச்சுப் போச்சு போல. குருட்டுப் பொம்பளய எத்தன நாளைக்குத்தான் இழுத்துக்கிட்டு அலைவாவ, அதுவும் நியாயந்தான."

"அப்படியெல்லாம் இருக்காது மதினி."

"உனக்குத் தெரியாது. காட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வெளிக்கதவ ஆட்டுவாவ. போக மாட்டாவ. உள்ளேயே அந்த மூலையில நின்னுக்கிட்டு என்னயப் பாத்துக்கிட்டு இருப்பாவ. எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு. மூச்சு விடுதது கேக்காதா எனக்கு? நான் அடுப்புல கையச் சுட்டுக்கிட்டாலும் பேச மாட்டாவ. நான் என்ன திருட்டு வேலையா பாக்கப் போறேன், நின்னு வேவு பாக்கதுக்கு?"

 அவரைப் பற்றி நான் அறிந்ததற்கும் இதற்கும் பொருத்தமில்லை என்று எனக்குத் தோன்றியது.

"என் கையப் பிடிச்சு மிசின்கிட்டக் குடுத்துட்டாவ, ஏட்டி" என்றார் மதினி. "அது பேசும். நான் பேசுனா கேக்குமா?"

கடைக்குச் சாமான் எடுக்க மதுரைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் முன் சீட்டில் அண்ணாச்சி இருப்பதைப் பார்த்தேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். மடியில் ஸ்கேன் படம் வைக்கிற பெரிய உறை. உடம்பு இளைத்திருந்தது. சட்டைக் காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி நின்றது.

"யாருக்கு அண்ணாச்சி ஸ்கேன்?"

"எனக்குத்தான் தாயி." உறையைத் திருப்பி வைத்துக்கொண்டார். "உங்க மதினிகிட்ட விதை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்காம். அது இருக்கதே எனக்கு இந்தச் சித்திரையிலதான் தெரியும். அதுல கட்டி."

"ஆபரேஷன் பண்ண மாட்டாங்களா?"

"அந்தக் கட்டத்தத் தாண்டிருச்சுன்னுட்டாவ. விதைக்கலாம், அறுப்புக்கு இருக்கது சந்தேகம்னு நானா புரிஞ்சுக்கிட்டேன்."

சித்திரையில் தெரிந்திருக்கிறது. போர்வையில் கம்ப்யூட்டரைச் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தது வைகாசியில்.

"மதினிக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா அத்தோட எல்லாத்தையும் போட்டுட்டு எம்பக்கத்துல உக்காந்துருவா. அப்புறம் எங்க படிக்க? முதல்ல அவ கை பழகட்டும்."

"அவங்க வேற மாதிரி நெனைக்காங்க அண்ணாச்சி. உங்களுக்கு அவங்க மேல சலிச்சுப் போச்சுன்னு நெனைச்சு அழுதாங்க. நீங்க மூலையில நின்னு பாக்கறதும் அவங்களுக்குத் தெரியும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் கோத்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் சாத்தூரைத் தாண்டியிருந்தது. வெளியே உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்துக் கிடந்தது.

"எல்லாத்தையும் நான் முன்னால போட்டுப் பாத்துட்டுத்தான் அவளுக்குக் குடுத்திருக்கேன்" என்றார். "கண்ணு தெரியாம இருந்தா எப்படி இருக்கும்னு உங்கடையில வந்து பாத்தாச்சு. நான் இல்லாம அவ இருக்கதப் போட்டுப் பாக்க வழியில்லயே தாயி. அதான் வீட்டுக்குள்ளேயே, இல்லாத மாதிரி நின்னு பாக்கேன். அடுப்பு அணைக்காளா, கதவு போடுதாளா, மெயில் வந்தா திறக்காளான்னு பாக்கேன். அன்னிக்குக் கையச் சுட்டுக்கிட்டா. எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டா. என்னைக்கும் பேர் சொல்ல மாட்டா. நான் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்."

அவர் இறங்கும்போது, சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி என்றேன். சொல்லுதேன் என்றார். சொல்லவில்லை.

அவர் கண் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. ஊரே பார்த்தது. டீக்கடையில் கேட்டவர்களிடம் சூடு என்றார். கீழாநெல்லி தின்கிறேன் என்றார். ஊரில் அதைப் பார்க்க முடியாத ஒரே ஆள் அவருடைய வீட்டுக்குள் இருந்தார்.

உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் கேட்டிருக்கிறாள். "ஏக்கா, அண்ணாச்சி கண்ணு மஞ்சக்கிழங்கு மாதிரி இருக்கே, நீ பாக்கலியா?" கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்திருக்கிறது. கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் நடந்ததை மதினி எனக்குச் சொன்னது இவ்வளவுதான்:

"அவிய வந்து உக்காந்தாவ. பக்கத்துல போயி முகத்தத் தடவிப் பாத்தேன். கன்னமெல்லாம் எலும்பு. இமை மேல கைய வச்சுப் பாத்தேன். மஞ்சள் கைக்குத் தெரியுமா, ஏட்டி? என்னன்னு நான் கேக்கல. அவியளா எல்லாத்தையும் சொன்னாவ. ஏன் மறைச்சீங்கன்னும் கேக்கல. மூலையில நின்னது எதுக்குன்னு புரிஞ்சு போச்சு."

மறுநாள் காலையில் மதினி பீரோவிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். அதற்குப் பிறகு எனக்கு அவரிடமிருந்து ஓயாமல் போன் வரும். ஒரு பக்கத்தில் பாதிக்குத் தாவுவது எப்படி, கரண்ட் பில் எங்கே கட்டுவது, மருந்துக்கடைக்கு எழுதி அனுப்பினால் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்களா. அழுகையோ புலம்பலோ இருக்காது. சொன்னதை மூன்று நான்கு தடவை திரும்பச் சொல்லச் சொல்லி மனதில் ஏற்றிக்கொள்வார். தன்னால் தனியாக இருந்துகொள்ள முடியும் என்பதை அண்ணாச்சி கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதில் மதினிக்கு ஒரு வெறி இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் பார்க்கப் போனேன். அண்ணாச்சியை உள்ளறையில் ஜன்னலோரம் கட்டிலில் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு ஒட்டி ஒரு ஸ்டூலில் லேப்டாப்பும் அதன் முன் மதினியும். மெஷின் அன்றைய பேப்பரை வாசித்துக்கொண்டிருந்தது. இடையிடையே மதினி நிறுத்தி, "கேட்டீங்களா, அங்கன மழை பேஞ்சிருக்காம்" என்பார். அவர் ம் கொட்டுவார்.

என்னைப் பார்த்ததும் அவருக்குப் பழைய குணம் வந்துவிட்டது. மெல்லிய குரலில், "இப்ப பேட்டரி எவ்வளவு கிடக்குன்னு கேட்டுச் சொல்லு" என்றார். மதினி கேட்டுச் சொன்னார். "கொழுந்தியாளுக்கு ஒரு வரி எழுது." எழுதி அனுப்பினார். பிறகு அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சுவரைக் காட்டிச் சைகை செய்தார். எனக்குப் புரிந்தது. சத்தமில்லாமல் போய்ச் சார்ஜர் ஒயரைப் பிடுங்கினேன். மதினியின் விரல் ஒரு கணம் நின்றது. ஏதோ அழுத்தி, சார்ஜ் ஏறவில்லை என்று மெஷின் சொல்வதைக் கேட்டார். எழுந்து சுவரைத் தடவி வந்து, பிளக் இருந்த இடத்தில் என் கை இருப்பதைக் கண்டுபிடித்தார்.

"நீயா பிடுங்குன? அவிய சொல்லித்தான செஞ்ச?"

கட்டிலில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க வலித்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும் தாயி, போதும்" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

கார்த்திகை அடைமழையில் போனார். கரிசல் சகதியில் வண்டி ஊருக்குள் வர முடியாமல் நின்றுவிட்டது. ஆட்கள் முழங்கால் வரை புதைந்து புதைந்து சுமந்துகொண்டு போனார்கள். அவர் விதைத்த உளுந்து தண்ணீரில் நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு ஒரு நாள் போனேன். கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொல்லித் தங்கை எவ்வளவோ கூப்பிட்டும் மதினி மறுத்துவிட்டார். நான் நுழையும்போது ஸ்டூல் முன்னால் உட்கார்ந்து பேப்பர் கேட்டுக்கொண்டிருந்தார். காலடியை வைத்தே நான்தான் என்று தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். மெஷின் வாசித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்து, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு வாசித்தது. பழகியவர்கள் யாரும் அவ்வளவு மெதுவாக வைத்துக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இவ்வளவு மெதுவா இருக்கே மதினி. வேகத்தக் கூட்டி வச்சுத் தரட்டுமா?"

"கூட்ட எனக்குத் தெரியும், ஏட்டி."

கையை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டார்.

"வேகமாக் கேக்கதுக்கு எனக்கு அப்பவே பழகிப்போச்சு. அவியளுக்குத்தான் பிடிபடாது. கொஞ்சம் கூட்டுனா, 'என்ன சொல்லுது, என்ன சொல்லுது'ன்னு கேப்பாவ. படுத்துக்கிட்டு அவியளும் கேக்கணும்லா. அதான் அவிய காதுக்குத் தக்கன வச்சிருந்தேன்."

சொல்லிவிட்டு இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினார். குரல் ஒரு படி வேகமானது. நின்று கேட்டார். மறுபடி அழுத்தினார். இன்னும் ஒரு படி. பிறகு நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே போனார். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மணல் கொட்டுகிற மாதிரி ஒரே இரைச்சலாக அறையை நிறைத்தன. எனக்கு ஒரு வார்த்தையும் பிரியவில்லை.

மதினி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.